வீடு கட்டியவர் விண்ணுக்கு அளித்த குழாய்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் நாட்களில், இயற்பியல் ஆய்வுக்கூட வாசலில் ஒரு மாணவராவது வந்து நிற்பதுண்டு. அவர் விரும்பிக் கேட்டது இயற்பியல். கிடைத்தது வேறொரு பாடம். மதிப்பெண்ணோ வீட்டு நிலைமையோ குறுக்கே நின்றிருக்கும். "இனிமேல் இந்தப் பக்கம் வரவே முடியாதா, சார்?" என்று அவர் கேட்கும்போது, சட்டென்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. வெறும் ஆறுதல் வார்த்தை வீடு போய்ச் சேரும் வரைகூடத் தாங்காது. ஆகவே, அவரை உட்கார வைத்து ஒரு பொறியியலாளரின் வரலாற்றைச் சொல்வேன். அதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் பொறியியலாளரின் பெயர் ருடால்ஃப் கோம்ஃப்னர். 32 வயது வரை அவருடைய தொழில் கட்டடம் கட்டுவது. அதற்குப் பின் இரண்டே ஆண்டுகளில் அவர் உருவாக்கிய ஒரு கண்ணாடிக் குழாய், நுண்ணலை மின்னணுவியலின் போக்கையே மாற்றியது. கடல் கடந்து நேரடியாக வந்த முதல் தொலைக்காட்சிப் படங்களை விண்ணில் தாங்கி அனுப்பியது அந்த இனத்தைச் சேர்ந்த குழாயே.

வியன்னாவிலிருந்து லண்டனுக்கு

கோம்ஃப்னர் 1909-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பியலில் அவருக்கு ஆர்வம் இருந்தது. ஆனால் படித்ததோ கட்டடக் கலை. 1930-களில் ஐரோப்பாவில் யூதர்களுக்கு எதிரான வெறுப்பு வளர்ந்து வந்தது. பட்டம் பெற்ற கோம்ஃப்னர் 1934-இல் வியன்னாவை விட்டு இங்கிலாந்து சென்றார். லண்டனில் ஒரு கட்டடக் கலைஞரிடம் பயிற்சி பெற்றார். 1936 முதல் ஒரு கட்டட நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார்.

பகலெல்லாம் செங்கல், சிமெண்டு, கூலிக் கணக்கு. கிடைத்த ஓய்வு நேரத்திலோ அவர் லண்டன் பேடன்ட் அலுவலக நூலகத்தில் இருப்பார். புதுக் கண்டுபிடிப்புகளுக்கு உரிமை வழங்கும் அந்த அலுவலகத்தின் நூலகத்தில் உலகின் தொழில்நுட்ப இதழ்கள் வந்து குவியும். அவற்றிலிருந்து வானொலியையும், அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த தொலைக்காட்சியையும், எலெக்ட்ரான் குழாய்களையும் பற்றித் தாமே படித்தார். படித்ததையும் தமக்குத் தோன்றியதையும் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். தேர்வு இல்லை, ஆசிரியர் இல்லை, மதிப்பெண் இடவும் ஒருவரும் இல்லை. ஆண்டுக் கணக்கில் இந்தப் படிப்பு நடந்தது.

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆஸ்திரியா அதற்கு முந்திய ஆண்டே ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டு விட்டதால், இங்கிலாந்தின் சட்டப்படி கோம்ஃப்னர் பகை நாட்டவர் ஆனார். ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி ஓடி வந்தவர், ஹிட்லரை எதிர்த்துப் போரிட்ட நாட்டின் முகாமிலேயே சில காலம் அடைபட நேர்ந்தது. எனினும், வேகப் பண்பேற்றம் என்ற எலெக்ட்ரான் நுட்பம் குறித்து அவர் எழுதிய கட்டுரை, 1940-இல் 'வயர்லெஸ் எஞ்சினியர்' என்ற ஆங்கில இதழில் வெளியாயிற்று. பெயருக்குப் பின்னால் இயற்பியல் பட்டம் இல்லாத ஒருவரின் கட்டுரை அது.

1941-இல் அவருக்கு அழைப்பு வந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பர்மிங்ஹாம் பல்கலைக் கழக இயற்பியல் துறையில் நடந்து வந்த இரகசிய ஆராய்ச்சியில் அவர் சேர்த்துக் கொள்ளப்பட்டார். நேற்று வரை பகைவர் பட்டியலில் இருந்தவரிடம், நாட்டின் மிகப் பெரிய இரகசியம் ஒன்று இன்று ஒப்படைக்கப்பட்டது!

பர்மிங்ஹாமின் இரகசியம்

அந்த இரகசியம் யாது? ரேடாருக்கான நுண்ணலைகள்தாம்.

வானில் அலைகளை அனுப்பி, விமானத்தின் மீதோ கப்பலின் மீதோ பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிப்பது ரேடார் என்பதை அறிவீர்கள். அலைநீளம் குறையக் குறைய, சிறிய ஆன்ட்டெனாவைக் கொண்டே கூர்மையான அலைக்கற்றையை அனுப்பலாம். ஆகவே, சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகள் தேவைப்பட்டன. இவற்றின் அதிர்வெண் 3,000 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 300 கோடி அதிர்வுகள்.

இங்கேதான் சாதாரண வானொலி வால்வு கைவிட்டது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். வால்வுக்குள் 2 மில்லிமீட்டர் தூரத்தைக் கடக்க அதற்குப் பிடிக்கும் நேரம், ஒரு நொடியில் 300 கோடியில் ஒரு பங்கு. நுண்ணலை ஒரு முழு அதிர்வை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் அதுவே! எலெக்ட்ரான் அக்கரை சேருமுன், அதை இயக்கிய மின்புலம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. வேலை எப்படி நடக்கும்?

இதற்கு இரண்டு விடைகள் கிடைத்திருந்தன. அமெரிக்காவில் வேரியன் சகோதரர்கள் 1937-இல் கிளைஸ்ட்ரானை உருவாக்கினர். பர்மிங்ஹாமிலேயே ராண்டால், பூட் என்னும் இருவர் 1940 பிப்ரவரியில் உள்ளறை மாக்னெட்ரானை இயக்கிக் காட்டினர். வலிமை மிக்க நுண்ணலைகளை அனுப்ப மாக்னெட்ரான் கிடைத்துவிட்டது. அனுப்பும் பக்கம் தீர்ந்தது. வாங்கும் பக்கம்?

தொலைவு இரு மடங்கானால் ரேடார் எதிரொலியின் திறன் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இத்தனை மெலிந்து திரும்பும் அலையைப் பெருக்கியாக வேண்டும். கிளைஸ்ட்ரான் அதைப் பெருக்கத்தான் செய்தது. ஆனால் கூடவே தன் இரைச்சலையும் சேர்த்தது. எலெக்ட்ரான்கள் தாறுமாறாக வெளிப்படுவதால் எல்லாக் குழாய்களிலும் எழும் இரைச்சல்தான் இது. சந்தைக் கூச்சலுக்கு நடுவே காதோடு சொன்ன இரகசியம்போல், எதிரொலி அதில் மூழ்கிப் போயிற்று. இரைச்சல் குறைந்த கிளைஸ்ட்ரான் ஒன்றை ஆக்கித் தருவதே கோம்ஃப்னருக்கு இடப்பட்ட பணி.

ஒரு குறுகிய இடைவெளி

கிளைஸ்ட்ரானில் எலெக்ட்ரான் கற்றை ஓர் உலோக உள்ளறையின் குறுகிய இடைவெளியைக் கடந்து செல்லும். அங்கே அலையின் மின்புலம் சில எலெக்ட்ரான்களின் வேகத்தைக் கூட்டும். சிலவற்றின் வேகத்தைக் குறைக்கும். பின்னால் வரும் வேக எலெக்ட்ரான்கள் முன்னால் செல்லும் மந்த எலெக்ட்ரான்களை எட்டிப் பிடிப்பதால், அவை கொத்துக் கொத்தாகத் திரளும். இந்தக் கொத்துகள் இரண்டாம் உள்ளறையின் இடைவெளியைக் கடக்கும்போது தம் ஆற்றலை அங்குள்ள அலைக்குத் தந்துவிடும். இதுவே பெருக்கம்.

கோம்ஃப்னர் இதைத் துருவித் துருவி ஆராய்ந்தார். அலையும் எலெக்ட்ரானும் சந்திப்பது அந்தக் குறுகிய இடைவெளியில் மட்டுமே. அதுவும் ஒரு கணம். அவ்வளவு குறைந்த நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு வேலை செய்துவிட முடியும்? அப்படியானால், இடைவெளியைச் சீர்செய்து கொண்டிருப்பானேன்? அலையும் எலெக்ட்ரானும் நெடுந்தூரம் கைகோத்துச் செல்லும்படி செய்தால் என்ன?

கேட்பது எளிது, ஆனால் இதற்கு ஒரு பெருந்தடை உண்டு. அலை ஒளியின் வேகத்தில், நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்வது. 2,500 வோல்ட்டில் முடுக்கிய எலெக்ட்ரானும் நொடிக்குச் சுமார் 30,000 கிலோமீட்டர்தான் செல்லும். (இயக்க ஆற்றலை, மின்னூட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பெருக்கி வருவதற்குச் சமமாக வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.) பத்துப் பங்கு வேறுபாடு! எலெக்ட்ரானை அலையின் வேகத்துக்கு விரட்ட இயலாது. எனவே அலையின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கொல்லிமலைக்குச் சென்றவர்கள் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளை மறந்திருக்க மாட்டீர்கள். பேருந்து நல்ல வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் வளைந்து வளைந்து செல்வதால், உச்சியை நோக்கி அது முன்னேறும் வேகம் மிகக் குறைவு. நேராக ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தால், நடந்து செல்பவர்கூடப் பேருந்துக்கு இணையாக ஏறிவிடலாம். கோம்ஃப்னர் செய்ததும் இதுவே. மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றினார். அலை கம்பி வழியே ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுற்றிச் சுற்றி ஓடும். எலெக்ட்ரான் கற்றையோ சுருளின் நடுவே நேர்கோட்டில் செல்லும். எடுத்துக்காட்டாக, 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுருளில் ஒரு சுற்றின் நீளம் 9.4 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுற்றும் முன்னேறும் தூரம் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால், அலை முன்னேறும் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். எலெக்ட்ரானும் அலையும் உடன் பயணிகளாகிவிடும்!

அப்படிச் செல்லும்போது, சுருளின் அச்சு வழியே அமைந்த அலையின் மின்புலம் எலெக்ட்ரான்களைக் கொத்துகளாகத் திரட்டுகிறது. கற்றையின் வேகத்தை அலையின் வேகத்தைவிடச் சற்றே கூட்டி வைத்தால், கொத்துகள் அலையின் தடுக்கும் பகுதியை நோக்கி நகர்ந்து, அங்கே வேகம் குறைந்து, இழந்த ஆற்றலை அலைக்கு அளிக்கின்றன. வலுத்த அலை மேலும் அடர்ந்த கொத்துகளை உண்டாக்குகிறது. அவை அலையை மேலும் வலுவாக்குகின்றன. சுருளின் ஒரு முனையில் மெலிந்து நுழைந்த அலை, மறு முனையில் பெருகி வெளிவருகிறது. உள்ளறையில் இருப்பது நிலை அலை. இங்கே செல்வது முன்னேறு அலை. ஆகவே, ஆங்கிலத்தில் 'டிராவலிங் வேவ் டியூப்' எனப்படும் இதை நாம் முன்னேறு அலைக் குழாய் என்று அழைக்கலாம்.

1942-இன் இறுதியில் கோம்ஃப்னருக்கு இந்த எண்ணம் உருவாயிற்று. 1943-இல் குழாய் வேலை செய்தது. முதல் குழாயின் பெருக்கம் சிறிதுதான். ஆயினும் கொள்கை மெய்யாயிற்று. போரில் பயன்படும் நிலையை அது எட்டவில்லை. இடப்பட்ட பணி அந்தப் போருக்கு உதவவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது கண்

1944-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் பியர்ஸ் இங்கிலாந்து வந்தபோது இந்தக் குழாயைப் பற்றி அறிந்தார். 'டிரான்சிஸ்டர்' என்ற பெயரைப் பின்னாளில் சூட்டியவர் இவரே. இரைச்சலைக் குறைக்கப் பிறந்த குழாயில் பியர்ஸ் இன்னொரு சிறப்பைக் கண்டார்.

வீணையின் தந்தி தன் சுருதிக்கு மட்டுமே அதிரும். கிளைஸ்ட்ரானின் உள்ளறையும் அவ்வாறே, ஒரு குறுகிய அதிர்வெண் பட்டைக்கு மட்டும் ஒத்ததிரும். சுருளுக்கோ இந்தப் பாகுபாடு இல்லை. அதில் பல அதிர்வெண்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் முன்னேறுவதால் எல்லாமே பெருகும். நன்கு அமைத்த சுருள் குழாய், ஓர் அதிர்வெண் முதல் அதன் இரு மடங்கு வரை இடைப்பட்ட யாவற்றையும் பெருக்க வல்லது. தொலைக்காட்சிப் படமும் ஆயிரக்கணக்கான தொலைபேசிப் பேச்சுகளும் ஒரே வழியில் செல்ல வேண்டுமானால் இத்தகைய அகன்ற பட்டை வேண்டும். பியர்ஸ் இந்தக் குழாய்க்கு விரிவான கணிதக் கொள்கையை வகுத்தார். போர் முடிந்த பின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில் இச்செய்திகள் உலகறிய வெளியாயின.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய கருத்து கோம்ஃப்னருக்கு முன்பே அமெரிக்காவில் ஹாயெஃப், லிண்டன்பிளாடு ஆகிய இருவருக்கும் தோன்றி, உரிமைப் பத்திரங்களிலும் இடம் பெற்றிருந்தது. பேடன்ட் நூலகத்தையே பள்ளியாகக் கொண்டவரின் கண்ணில் அவை படவில்லை! பின்னாளில் தம் கண்டுபிடிப்பின் கதையை நூலாக எழுதியபோது, கோம்ஃப்னரே இந்த முன்னோடிகளைக் குறிப்பிட்டார். எனினும், குழாயைச் செய்து, அளந்து, அது ஏன் வேலை செய்கிறது என்பதை விளங்க வைத்து, ஒரு துறையையே தொடங்கி வைத்தது அவருடைய பணிதான் என்பதில் ஐயமில்லை.

மீண்டும் மாணவர்

குழாய் புகழ் பெற்றுவிட்டது. ஆனால் கோம்ஃப்னர் அத்துடன் நின்றுவிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கடற்படைக்காக ஆராய்ச்சி செய்துகொண்டே, அங்கு இயற்பியலில் ஆய்வு மாணவராகவும் சேர்ந்தார். 1951-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவர் வயது 40-ஐக் கடந்திருந்தது. அதே ஆண்டின் இறுதியில் பியர்ஸின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்று பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். எலெக்ட்ரான்கள் ஒரு திசையிலும் அலையின் ஆற்றல் எதிர்த் திசையிலும் செல்லும் பின்னலை அலையாக்கியும் அவருடைய பணிகளில் ஒன்று. பிரான்சில் எப்ஸ்டைன் என்பவரும் அதைத் தனியே கண்டறிந்தார்.

பியர்ஸும் கோம்ஃப்னரும் இப்போது விண்வெளியின் பக்கம் திரும்பினர். 1960 ஆகஸ்ட் 12 அன்று எக்கோ-1 ஏவப்பட்டது. சுமார் 30 மீட்டர் விட்டமுள்ள, உலோகப் பூச்சுக் கொண்ட பலூன் அது. தரையிலிருந்து சென்ற நுண்ணலைகளைக் கண்ணாடிபோல் எதிரொளித்தது, பெருக்கித் தரவில்லை. பெருக்கியனுப்பும் செயற்கைக்கோளாக 1962 ஜூலை 10 அன்று டெல்ஸ்டார் ஏவப்பட்டது. அதன் எடை 77 கிலோகிராம். தரையிலிருந்து சுமார் 6,000 மெகாஹெர்ட்ஸில் வந்த அலையை, சுமார் 4,000 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி அது திருப்பியனுப்பியது; அப்படி அனுப்பும் அலையைப் பெருக்கும் வேலையை அதன் வயிற்றில் இருந்த ஒரே ஒரு முன்னேறு அலைக் குழாய் செய்தது. வெளிவந்த திறன் சில வாட் மட்டுமே. வீட்டு இரவு விளக்குக்கு ஆகும் அளவு! அதைக் கொண்டே அமெரிக்காவின் படங்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஐரோப்பாவில் தெரிந்தன.

டெல்ஸ்டாரின் ஆயுள் நீடிக்கவில்லை. அது ஏவப்பட்டதற்கு முந்திய நாள் அமெரிக்கா விண்வெளியில் ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்திருந்தது. அதனால் பெருகிய கதிர்வீச்சு, கட்டளைகளை ஏற்கும் சுற்றுகளிலிருந்த டிரான்சிஸ்டர்களைப் பாதித்தது. 1963 பிப்ரவரியில் டெல்ஸ்டார் ஓய்ந்தது. புதுமையான டிரான்சிஸ்டர் துவண்டது. வெற்றிடக் குழாய் தாங்கியது.

திறந்து விட்ட கதவு

தமக்குக் கிடைத்த வாய்ப்பைக் கோம்ஃப்னர் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். 1961-இல் ஆர்னோ பென்சியாஸ் என்ற இளைஞர் தற்காலிக வேலை கேட்டு பெல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவரும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பத்தவர். வானொலி ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராயிருந்த கோம்ஃப்னர், நிரந்தர வேலையிலேயே சேர்ந்துவிடும்படியும், விருப்பமில்லாதபோது விலகிக்கொள்ளலாம் என்றும் அவருக்கு யோசனை கூறினார். பென்சியாஸ் சேர்ந்தார். எக்கோவுக்காக அமைத்த கொம்பு வடிவ ஆன்ட்டெனாவைக் கொண்டு அவரும் ராபர்ட் வில்சனும் ஆராய்ந்தபோது, எந்தத் திசையில் திருப்பினாலும் நீங்காத ஓர் இரைச்சலைக் கண்டனர். பேரண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சி நிற்கும் நுண்ணலைக் கதிர்வீச்சு அது. 1978-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அதைக் காண கோம்ஃப்னர் இல்லை. 1973-இல் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் ஸ்டான்ஃபோர்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர், 1977 டிசம்பர் 3 அன்று மறைந்தார். சில மாதங்களுக்கு முன்புதான் இரண்டு வாயேஜர் விண்கலங்கள் புறப்பட்டிருந்தன. அவை அறிவியல் செய்திகளை அனுப்பும் நுண்ணலைப் பரப்பியில் இருப்பதும் முன்னேறு அலைக் குழாய்தான். வாயேஜர்-1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதன் குரல் நம்மை வந்தடைய 22 மணி நேரத்துக்கும் மேலாகிறது.

வீட்டு வானொலியிலிருந்து வால்வுகள் என்றோ மறைந்துவிட்டன. செயற்கைக்கோள்களிலும் குறைகடத்திப் பெருக்கிகள் இடம்பிடித்து வருகின்றன. ஆயினும் வாங்கும் மின்திறனில் 60 விழுக்காட்டுக்கும் மேலாக நுண்ணலையாக மாற்றித் தரும் இந்தக் குழாய்களைப் பல செயற்கைக்கோள்கள் இன்றும் சுமந்து செல்கின்றன.

இந்த வரலாற்றைச் சொல்லி முடித்ததும் அந்த மாணவர்கள் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் கோம்ஃப்னர் ஆகிவிட முடியும் என்று நான் அவர்களிடம் கூறுவதில்லை. அவருக்குப் போர்க் காலம் ஒரு வாய்ப்பைத் தந்தது; கட்டுரையை ஏற்ற ஓர் இதழாசிரியரும், பட்டத்தைக் கேட்காமல் சேர்த்துக் கொண்ட ஓர் ஆய்வுக்கூடமும் இருந்தன. ஆனால் அந்த அழைப்பு வந்த நாளில், ஆண்டுக் கணக்கில் எழுதிய குறிப்பேடுகள் அவர் கையில் ஆயத்தமாக இருந்தன. அதனால், என்னிடம் வரும் தம்பிகளிடம் இவ்வளவுதான் சொல்கிறேன்: "தம்பி, கிடைத்த பாடத்தை ஒழுங்காகப் படி. மாலையில் நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும். ஒரு நோட்டு வாங்கிக்கொள். எழுதியதைச் சனிக்கிழமை கொண்டு வா, பார்ப்போம்."

சிலர் வருவதில்லை. சிலர் நோட்டுடன் வருகிறார்கள்.